இரண்டு பேர் ஊதிய விசில்

அன்பானவர்களே, மாஸ்க் போட்டுக்கொண்டு யாராலும் விசில் ஊத முடியாது. என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் அந்தோணி. தர்மபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்கு வேலை. மற்ற நாளில் சக்திவேல். என் வயதுதான், ஒன்றாகப் படித்தவன். பணப்பையை அவனிடம் கொடுக்கும்போது, அதன் வாரில் கட்டியிருக்கும் விசிலும் சேர்ந்தே போகும். ஒரு ஊது ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். சட்டையில் ஒரு துடை துடைத்துவிட்டு வாயில் வைத்துக்கொள்வோம். அது தப்பென்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை.

கொரோனா இரண்டாவது அலை வந்தது. ஊரடங்கு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், பெங்களூரில் வேலை பார்த்த நம் ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியது. பஸ்ஸில் எள் விழ இடமில்லை. நின்றுகொண்டு போகக் கூடாது என்று உத்தரவு, யார் கேட்டார்கள்? "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றால், "எங்க தள்றது, ஒம்மேலயா?" என்பார்கள். முதலாளியிடம் மாஸ்க்கும் சானிடைசரும் கேட்டோம். "கல்லைத் தின்னாலும் செரிக்கற வயசு. ஒங்கள அது என்னடா பண்ணும்?" என்று சிரித்தார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம்.

முதலில் சக்திக்குக் காய்ச்சல். அடுத்து எனக்கு. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், இருவர் மூக்கிலும் குழாய்.

அங்கே பார்த்ததையெல்லாம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. காலையில் பேசிக்கொண்டிருந்தவரின் கட்டில் மத்தியானம் காலியாகும், சாயந்திரம் அதில் வேறு ஆள் இருப்பார். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கச் சொன்னார்கள். நாளெல்லாம் விசில் ஊதியவன் நான். ஒரு பந்துகூட அசையவில்லை. அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போனது. அம்மா கொடுத்தனுப்பிய ஜெபமாலை தலையணைக்குக் கீழே கிடந்தது, அதைத் தொடவில்லை. போகிற உயிர் போகட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சக்தி என்னைவிட மோசம். அவன் அம்மா வெளியே மரத்தடியில் என் அம்மாவோடு உட்கார்ந்து முனியப்பனை வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் சக்தி மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

"அந்தோணி, ஒங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுடா. எங்க சாமிகிட்ட அம்மா சொல்லிட்டுத்தான் இருக்குது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது எறங்கி வருவாங்க இல்ல."

நானே கேட்பதை விட்டுவிட்டேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? "சொல்றேன்டா" என்றேன். கொடுத்த வாக்குக்காகத்தான் ஜெபமாலையை எடுத்தேன். பாதியில் ஜெபம் மறந்துபோனது. "ஆண்டவரே, இவன் ஊதிய விசிலைத்தான் நானும் ஊதினேன். இவனுக்கு மூச்சைக் கொடும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நோய் வந்த பிறகு அப்போதுதான் முதல்முறையாக அழுதேன்.

அன்று சாயந்திரமே அவனை உள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். விசுவாசத்தோடு ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். கையில் வேறெதுவும் இல்லாததால் ஜெபித்தேன். அதையும் ஆண்டவர் கேட்டார். அந்த நாட்களில் என் கருவியில் ஒரு பந்து எழும்பியதை நான் கவனிக்கவே இல்லை. நர்ஸ் அக்காதான் காட்டினார்.

ஒரு காலையில் சக்தியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான். என்னைப் பார்த்ததும், "சொன்னியாடா?" என்று கேட்டான்.

"சொன்னேன்டா."

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சக்தியால் இனி கண்டக்டர் வேலை பார்க்க முடியாது. அந்த மரத்தடியில் எங்கள் அம்மாக்களோடு உட்கார்ந்திருந்த சில தாய்மார்கள் பிள்ளை இல்லாமல் வீடு திரும்பினார்கள். அவர்கள் கேட்டது ஏன் கிடைக்கவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உங்கள் முன் நடிக்கவும் மாட்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் விசிலைக் குப்பையில் போட்டுவிட்டு, வண்டியின் தகரத்தைத் தட்டிச் சைகை கொடுக்க ஆரம்பித்தேன். மாஸ்க்கும் சானிடைசரும் வராமல் வண்டி எடுக்க மாட்டோம் என்று முதலாளியின் பஸ்களில் வேலை பார்க்கும் பையன்கள் எல்லோரும் சேர்ந்து நின்றோம். முதலாளி முணுமுணுத்தார், ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை.

உங்களுக்கும் ஒருநாள் ஜெபிக்க வாய் வராமல் போகலாம். அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவருக்காகக் கேளுங்கள். நம்பிக்கை கொஞ்சமாக இருந்தால், அந்தக் கொஞ்சத்தோடு கேளுங்கள்.

சக்தி இப்போது தர்மபுரியில் ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகிறான். என் பஸ்ஸில்தான் வருவான். படி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான். நான் காத்திருப்பேன். மூச்சு நிதானத்துக்கு வந்ததும், அவனே வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவான். வண்டி கிளம்பும். ஆண்டவருக்கு நன்றி.