செபம் முடியாமல் சாப்பிடாதவர்

என்னைப் போல வீட்டில் நோயாளி ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்ல வந்தேன்.

கொரோனா வந்து பாரிஸை மூடிய நேரம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில், நாலாம் மாடி வீட்டில், நானும் என் கணவரும் மட்டும். பிள்ளைகள் கனடாவில். இவருக்கு மறதி நோய் முற்றியிருந்தது. உணவகக் குசினியில் காலமெல்லாம் பிரெஞ்சு பேசி வேலை செய்தவர். நோய் முதலில் அந்தப் பிரெஞ்சைத்தான் தின்றது. பிறகு பிள்ளைகளின் பெயர்களை. தமிழ் மட்டும் கொஞ்சம் மிஞ்சியது.

எதிர்வீட்டில் பியாத்ரிஸ், கொங்கோ நாட்டுக் கறுப்பினப் பெண். அவளும் மறதி நோய் வந்த தாயைத் தனியாகப் பார்த்தாள். உதவிக்கு வந்துபோன பெண்ணும் கொரோனாவோடு நின்றுவிட்டாள். ஒருநாள் தாய்க்குக் காய்ச்சல் வந்து அம்புலன்ஸ் கொண்டுபோனது. மகளை ஏற்றவில்லை. தாய் தன் ஊர் மொழி மட்டுமே பேசுவாள். சில நாளில் தொலைபேசியில் சொன்னார்கள், முடிந்துவிட்டது என்று.

"அம்மா தண்ணி கேட்டிருந்தாலும் அங்கை ஆருக்கு விளங்கியிருக்கும்? கறுத்த கிழவி ஏதோ புலம்புறாள் எண்டு விட்டிருப்பினம்," என்று பிரெஞ்சில் சொல்லி, படியில் குந்தியிருந்து அழுதாள். அவளைக் கட்டிப்பிடிக்கக்கூட முடியவில்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அந்தக் கிழமையே எனக்கு இருமல் பிடித்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு மற்ற அறைக்குள் ஒதுங்கினேன். செபமாலையையும் படுத்தபடி மனதுக்குள்ளேயே சொன்னேன். இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சோற்றுக் கோப்பையை நீட்டினால், "பொறும்" என்று தள்ளுவார்.

"இஞ்சாருங்கோ, ஒரு வாய் சாப்பிடுங்கோவன்."

"பொறும்."

முகக்கவசத்தைக் கண்டு யாரோ வேற்றுப் பெண் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். தண்ணீர் மட்டும் எப்படியோ குடித்தார். கன்னம் ஒட்டிப்போனது. நாளைக்கும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னார். அனுப்பினால் இவரும் பியாத்ரிஸின் தாயைப் போலத்தான் போவார். பக்தியோடு அல்ல, ஆத்திரத்தோடுதான் மன்றாடினேன். "ஆண்டவரே, அவரைச் சாப்பிட வையும். இல்லாட்டி ரெண்டு பேரையும் ஒண்டா எடும்."

அன்று பொழுதுபடும் நேரம் கதவு தட்டப்பட்டது. "இண்டைக்கு அம்மாவை அடக்கினவை. என்னோடை ஒருக்கால் செபமாலை சொல்லுவியளே? கதவைத் திறக்க வேண்டாம்," என்றாள் பியாத்ரிஸ்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பிரெஞ்சில் மாதாவுக்கான மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். இந்தப் பக்கம் நான் தமிழில் மறு பாதி சொன்னேன். பாதியில் அவளுக்கு அழுகை வந்து குரல் நின்றது. அவளுடைய பாதியையும் நானே தொடங்கினேன். இருமல் விடவில்லை.

அப்போது பின்னாலிருந்து முதல் பாதி கேட்டது, தமிழில். இவர்தான். கண்ணை மூடி, ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிக்கொண்டு நின்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இவர்தான் செபம் தொடங்குவார். செபம் முடியாமல் சோற்றுப் பானையைத் திறப்பதில்லை. அந்த மனுசன் இத்தனை நாளும் செபத்துக்குக் காத்திருந்திருக்கிறார். நான் முகக்கவசத்தில் பழியைப் போட்டேன்.

முழுச் செபமாலையும் முடிந்தது. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"சோத்தைப் போடுமன்."

அழுதழுது பிசைந்து கொடுத்தேன். அன்றிலிருந்து சாப்பிட்டார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை.

பியாத்ரிஸின் தாயை ஆண்டவர் ஏன் காப்பாற்றவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். ஆனால் தாயைப் புதைத்த அன்று, போய்ப் பார்க்கக்கூட முடியாத அந்த மகளைத்தான் என் மன்றாட்டுக்குப் பதிலாக அனுப்பினார்.

இப்போது இவருக்குச் செபமும் மறந்துவிட்டது. மாலையில் பியாத்ரிஸ் வருவாள். அவள் தொடங்குவாள், நான் முடிப்பேன், இவர் நடுவில் இருப்பார். ஆத்திரத்தோடு கேட்டாலும் கேளுங்கள் சகோதரங்களே, அவர் காது கொடுப்பார். செபம் முடிந்ததும் நான் பானையைத் திறப்பேன். மூன்று கோப்பை வைப்பேன். அதுவரை இவர் ஒரு வாயும் தொடமாட்டார்.