காற்றாலையின் இறக்கையும் மாமாவின் கூரையும்

என் மாமா காற்றோடு கோபித்துக்கொண்டிருந்த வருடம் அது.

எங்கள் புத்தளக் கடலோரத்தில் காற்றுக்கு ஒருபோதும் குறைவிருந்ததில்லை. கடற்கரை மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றுக்குள் போட்டுவிட்டுப் போகும். அதற்காக யாரும் அதன்மேல் கோபப்பட்டதில்லை, மாமாவும்தான். ஆனால் கடலோரத்தில் காற்றாலைகள் நாட்டப்போகிறார்கள், இனித் தோட்டத்துக் கிணறுகளெல்லாம் மின்சாரத்தில்தான் இறைக்கும் என்று கதை பரவியதும் அவருக்குக் காற்று ஆகாமல் போய்விட்டது. காரணம் லேசானது. மாமா மண்ணெண்ணெய் விற்பவர்.

எத்தாளைக்குப் போகும் வழியில், வீதி சட்டென்று ஒடிந்து திரும்பும் இடத்தில் அவருடைய தகரக் கூரைக் கடை இருந்தது. பலகைத் தட்டில் பாணும் சவர்க்காரமும் தேயிலையும் இருக்கும். ஆனால் கடையின் அரசன் மூலையில் நின்ற மண்ணெண்ணெய்ப் பீப்பாதான். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும், களப்பில் ஓடும் எஞ்சின் வள்ளத்துக்கும், பெண்களின் குக்கர் அடுப்புக்கும், லைட் இல்லாத வீடுகளின் குப்பி விளக்குக்கும் அந்தப் பீப்பாவிலிருந்துதான் உயிர் வரவேண்டும். மாமா வீட்டுக்கு வருவது வாசம் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உம்மா அவருடைய சாரத்தைத் தனியாகத்தான் துவைப்பார்.

நுரைச்சோலையில் நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலையும் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு அதில் அவ்வளவு குறையில்லை. நிலக்கரி கறுப்பானது, பாரமானது, யாரோ தோண்டி, யாரோ ஏற்றி, யாரோ விற்கவேண்டியது. அது அவருக்குப் புரிந்த வியாபாரம். காற்றை விற்க ஆளே தேவையில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மண்ணெண்ணெய் வாங்க வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார்.

"காத்து நிண்டு போனா என்ன செய்வீங்க? என்ட பீப்பா அப்பிடி நிக்குமா?"

வந்தவர்கள் ஓம், ஓம் என்றுவிட்டுப் போத்தலை நிரப்பிக்கொண்டு போவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலையில் இறக்கை வந்தது. காற்றாலையின் ஓர் இறக்கையை மட்டும் நீண்ட லொறி ஒன்றில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் வேலியோரம் நின்றோம். லொறியின் தலை எங்களைக் கடந்துபோய் வெகுநேரத்துக்குப் பிறகும் வெள்ளை வெளேரென்ற இறக்கை முடியாமல் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய சாமானை நான் அதற்கு முன் கண்டதில்லை. திமிங்கிலத்தின் எலும்பு என்று ஒருத்தி சொன்னாள். நானும் கொஞ்சநேரம் அதை நம்பினேன்.

மாமாவின் கடை வளைவுக்கு வந்ததும் லொறி நின்றது. தலை திரும்பிவிட்டது, வால் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தால் இறக்கையின் நுனி மாமாவின் கூரையைச் சீவிக்கொண்டு போகும். பின்னால் பஸ் நின்றது. அதற்குப் பின்னால் வெங்காய லொறி. எதிர்ப்பக்கம், சிலாபத்துச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் வண்டிகள், ஐஸ் கரைந்து தண்ணீர் வீதியில் வடிய வடிய நின்றன.

லொறியோடு வந்தவர்களில் ஒருவர் முந்தல் பக்கத்து ஆள், தமிழ் கதைத்தார். அவர்தான் இறங்கி மாமாவிடம் வந்தார். மிக மரியாதையாகத்தான் கேட்டார். கடையைத் தொடமாட்டோம், கூரைத் தகரங்களையும் மேல் மரங்களையும் மட்டும் கழற்றினால் போதும், இறக்கை மேலால் போய்விடும், உடனே எங்கள் ஆட்களே பழையபடி போட்டுத் தருவார்கள் என்றார்.

மாமா முடியாது என்றார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். பீப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு முடியாது என்று மட்டும் சொன்னார். காற்றாலைக்காரனுக்கு நல்லாக வேண்டும் என்று எனக்குள் சந்தோசம். மாமா வெல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

வெயில் ஏறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து நியாயம் பேசினார்கள். மீன்காரர்கள் நியாயம் பேசவில்லை, மீனைக் காட்டினார்கள். அவர்களும் மாமாவிடம் மண்ணெண்ணெய் வாங்குகிறவர்கள்தான். கடைசியில் வீட்டிலிருந்து உம்மா வந்து மாமாவுக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மாமா வீதியைப் பார்த்தார், வடிந்துகொண்டிருந்த ஐஸ் தண்ணீரைப் பார்த்தார், பிறகு முந்தல்காரரைப் பார்த்தார்.

"கழட்டினாத் திரும்பப் போடுவீங்களா, தம்பி?"

"ஓம் நானா. இண்டைக்கே, பின்னேரத்துக்கு முந்திப் போட்டிருவம்."

"இண்டைக்கே?"

"இண்டைக்கேதான், நானா."

மாமா அதே கேள்வியை இன்னொரு தடவையும் கேட்டார். அந்த மனிதர் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார். பிறகு மாமா அடுப்புக்கரி ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அவரே ஏணியில் ஏறி, ஒவ்வொரு தகரத்திலும் எது எங்கே போகவேண்டும் என்று அடையாளம் போட்டார்.

முதல் தகரத்தைத் தூக்கியபோது கடைக்குள் வெயில் விழுந்தது. பாண் தட்டும் தேயிலை டின்னும் வெளிச்சத்தில் புதிதாகத் தெரிந்தன. எங்களுக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது, கைதட்டினோம். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தூசு விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

அன்று அந்தக் கூரையில்லாத கடையில்தான் அதுவரை இல்லாத வியாபாரம் நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பசி, தாகம். ஒரு சுருட்டு வாங்க வந்தவனைக்கூட வேறு ஏதாவது வாங்கவைத்து அனுப்பும் மாமா, அன்று யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. உம்மாதான் விற்றார். மாமா அடுக்கிவைத்த தகரங்களுக்குப் பக்கத்தில் நின்றார். இறக்கை தலைக்கு மேலால் மெல்ல மெல்ல வளைந்து போனது. ஊரே அண்ணாந்து பார்த்தது. மாமா மட்டும் பார்க்கவில்லை. லுஹர் தொழுகைக்கும் போகவில்லை, சோறும் தின்னவில்லை.

முந்தல்காரர் சொன்ன சொல் தவறவில்லை. இறக்கை போனதும் ஆட்களை நிறுத்தி, கரி அடையாளம் பார்த்துப் பார்த்துக் கூரையைப் போட்டுக் கொடுத்தார். போகும்போது மாமாவுக்குக் கைகொடுத்தார். மாமா அந்தக் கையை உடனே விடவில்லை.

அடுத்த வளைவில் லொறி மறுபடியும் நின்றுவிட்டதாம் என்று பிள்ளைகள் ஓடினார்கள். நான் கடைக்குள் எட்டிப் பார்த்து மாமாவையும் கூப்பிட்டேன். அவர் ஸ்டூலில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போய்ப் பாரு மகள். நான் இதுக்குள்ள கொஞ்ச நேரம் இருந்துட்டு வாறன்."

காற்றிடம் தோற்றுப்போன கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

மாமா பயந்தது நடக்கவில்லை. காற்றாலைகள் சுற்றத் தொடங்கின, தோட்டங்களுக்கு மின்சார மோட்டர்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் பீப்பா போகவில்லை. அதற்குப் பக்கத்தில் காஸ் சிலிண்டர்கள் வந்து நின்றன, அவ்வளவுதான். பிற்பாடு நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த வருடத்தில் காஸும் இல்லை, மின்சாரமும் நினைத்தால் போனது. பீப்பாவில் ஏதாவது கிடக்கிறதா என்று ஆட்கள் மாமாவைத் தேடி வந்தார்கள், உம்மா தென்னம் பாளையை முறித்து அடுப்பு மூட்டினார். இப்போது நான் புத்தளத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். உலகம் எரித்த எரிபொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறம் தீட்டிக் காட்டும் படம் ஒன்று எங்கள் பாடத்தில் வரும். விறகுக்கு மேல் நிலக்கரி, அதற்கு மேல் எண்ணெய், பிறகு காஸ், உச்சியில் மெல்லிய கோடாகக் காற்றும் வெயிலும். புதியது வந்ததும் கீழே உள்ளது ஏன் முடிந்துபோகவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். உலகத்தின் பசியும் கூடவே வளர்ந்துகொண்டு போகிறது, வந்தது எதுவும் முழுதாக எழும்பிப் போகவில்லை என்று சொல்லிக்கொடுப்பேன். மாமாவின் கடையைக் கண்டவளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டமில்லை.

மற்ற விசயம்தான் எனக்குப் பிந்தித் தெரிந்தது. உம்மாவும் மாமாவும் மன்னாரில் பிறந்தவர்கள். தொண்ணூறில், யுத்தத்துக்குள், அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லாரோடும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு வந்தவர்கள். நான் இங்கே பிறந்தவள். மன்னார் என்றால் எனக்குப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கும் ஓர் ஊர், அவ்வளவுதான். யுத்தம் முடிந்ததும் மாமா ஒருமுறை அங்கே போய் வந்தார். எங்களுக்குப் பனங்கிழங்கு கொண்டுவந்தார். அங்கே விட்டுவந்த வீட்டைப் பற்றி உம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இறக்கை வந்தது அதற்கு அடுத்த மாதம்.

அண்மையில் ஒருநாள் அந்த இறக்கையின் கதையைச் சொல்லிச் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை.

"சுவரெல்லாம் அப்பிடியே நிண்டிச்சாம். கூரையத்தான் ஆரோ கழட்டிட்டுப் போயிருந்தாங்களாம். எங்கட அறைக்குள்ள மரம் முளைச்சு மேலால வெளிய போயிருந்திச்சாம்" என்றார். பிறகு, "வெளிக்கிடக்குள்ள எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க, கொஞ்ச நாள்ல திரும்பி வந்திரலாம் எண்டு" என்றார்.

மாமா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நாங்கள் பிள்ளைகள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டிருந்தோம்.