செல்விக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்

இன்று தடுப்பூசி முகாமில்...

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கொரோனா ஊசி முகாம். வருகிறவர்களின் ஆதார் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

போன மாதம் இங்கே டோக்கனுக்கு அடிதடி. இன்று மதியம் வரை வந்தவர்கள் பதினொரு பேர்! (நானும் நர்ஸ் அக்காவும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.)

பன்னிரண்டாவதாக செல்வி வந்தார். கூடவே கணவர் குமார். ஆதாரை நீட்டிய செல்வி, நான் வாங்குவதற்குள் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், இந்த ஊசி போட்டா கொழந்த தங்காதாமே?"

கல்யாணமாகி ஏழு வருஷமாம். இப்போதுதான் தருமபுரியில் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் தெருவிலேயே இரண்டு பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். போடவும் பயம், போடாமல் இருக்கவும் பயம்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யாரு சொன்னா?" என்றார் நர்ஸ் அக்கா.

"டாக்டரே சொல்றாருங்க." குமார் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார்.

"வணக்கம்ங்க. சென்னையிலருந்து டாக்டர் பேசறேன். இந்த ஊசி போட்டவங்களுக்குக் கொழந்தையே தங்காதுங்க..."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

அது டாக்டர் இல்லை. என் மாமா! அம்மாவின் கடைசித் தம்பி. ஹாலோபிளாக் வியாபாரம். (பத்தாம் வகுப்பில் சயின்ஸ் பெயில்.)

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்லப் போவதில்லை, நினைத்தேன்தான். அப்புறம் செல்வியின் முகத்தைப் பார்த்தேன். மாமாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, கொழந்த தங்காதுன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துதே, அது உங்க கொரல்தான?"

சிரித்தார்!

"அட, கண்டுபுடிச்சிட்டியா பாப்பா? அவ்ளோ தூரம் வந்துடுச்சா?"

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"மூணு நாளு வரிசையில நின்னும் டோக்கன் கெடைக்கல. கூட்டம் கொஞ்சம் கொறையட்டுமேன்னு பேசி வுட்டேன்."

"அப்ப நீங்க?"

"நானு மறுநாளே போட்டுக்கிட்டேனே! அத்தைக்கும் போட்டாச்சு."

செல்வி போன் பக்கம் குனிந்தார்.

"அண்ணா, எங்க தெருவுல செத்துப்போன ரெண்டு பேரும் உங்க பேச்சக் கேட்டுத்தான் ஊசி போடல."

லைன் கட்டானது.

குமார் எழுந்து வெளியே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். குழாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எனக்கு மொதல்ல போடுங்க. ஒண்ணும் ஆவலன்னா இவளுக்குப் போடலாம்."

செல்வி விடவில்லை. "ஏழு வருசமா எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒண்ணாத்தான் போனோம். இதுக்கு மட்டும் தனியாவா?"

இரண்டு பேருக்கும் போட்டாயிற்று. அரைமணி நேரம் பெஞ்சில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே உண்மையப் பேசி அனுப்புங்க மாமா. இல்லன்னா நானே போலீஸ்ல சொல்லிடுவேன்."

பேசினார். தன் பெயரைச் சொல்லி, நடந்ததையும் சொல்லி, "நான் டாக்டர் இல்லீங்க, மன்னிச்சிடுங்க" என்று முடித்தார். முதலில் அனுப்பிய எல்லா குரூப்பிலும் போட்டார். எங்கள் குடும்ப குரூப்பிலும் போட வைத்தேன்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் அதைப் போட்டு ஒரு மணி நேரமாகிறது. யாரும் ஷேர் பண்ணவில்லை!

குடும்ப குரூப்பில் மட்டும் ஒரே ஒரு பதில் வந்திருக்கிறது. அனுப்பியது என் அம்மா. (இன்னும் ஊசி போடாதவர்!)

"என் தம்பிய யாரோ மெரட்டி இப்படிப் பேச வெச்சிருக்காங்க. யாரும் நம்பாதீங்க."

பக்கத்து ரூமில்தான் இருக்கிறார். மிரட்டியது நான்தான் என்று போய்ச் சொல்வதா? சொன்னால் இனி ஊசிப் பக்கம் வருவாரா?

நீங்களே சொல்லுங்கள்!