கங்கம்மாளின் தங்க முனை

2004 ஜூலையில், ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஆனந்தன் உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாள் கதவைத் திறந்ததுமே ஒரு பெண்ணின் அதட்டல் அவனை நிறுத்தியது.

"அங்கியே நில்லு சார். ஃபேன் சுச்சுல கைய வெக்காத, காத்துல கம்பி ஆடிடும்!"

அந்தப் பெண் ஒரு கண்ணாடிக் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அமிலத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு தங்கக் கம்பி தொங்கியது. சட்டென்று கையை நீட்டி, கம்பிக்குப் போன மின்சாரத்தை அணைத்தார்.

"ஆச்சு. இப்ப வா. வேர்த்து ஊத்துதே, ஃபேன போட்டுக்கோ."

கங்கம்மாள் உத்திரமேரூர் ஏரிக்கரை இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கத்தான் தினக்கூலிக்கு எடுத்தார்கள். ஆனந்தனும் உத்திரமேரூர்ப் பக்கம்தான். வீட்டில் முதல் பட்டதாரி. தன் ஊர்ப் பெண் அமிலக் குவளைமுன் அதிகாரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் மிகவும் நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலங்கித்தான் தெரியும். ஒளியின் குணம் அப்படி. கூரான தங்க முனையைப் புள்ளிகளின் அருகே கொண்டுபோய் லேசர் அடித்தால், ஒளி அந்த நுனியில் திரண்டு பல மடங்கு பிரகாசிக்கும். அந்தச் சிறு வெளிச்சத்தில் புள்ளிகள் பிரிந்துவிடும். நுனி மழுங்கினால் எல்லாம் வீண். மின்சாரம் பாயும் அமிலத்தில் கம்பி இற்று அறுந்து விழும் அதே கணத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தானாக நிறுத்தும் கருவி அங்கே கிடையாது. ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பத்தில் ஒன்று தேறும், பெருக்க வந்த இடத்தில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட கங்கம்மாளுக்கு ஏழு.

"எப்பிடிக்கா?"

"நீங்கல்லாம் கம்பியப் பாக்கறீங்க. நான் கொப்புளத்தப் பாக்கறேன். எலி வளையாண்ட குந்திக்கினு வளையவா பாப்போம்? பக்கத்துல புல்லு ஆடுதான்னு பாப்போம். கொப்புளம் சிறுத்துச்சுன்னா கம்பி அறுந்துடும் சார்."

அக்டோபரில், இந்த ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் குழு ஒன்று சென்னையிலிருந்து வருவதாக இருந்தது. புள்ளிகள் பிரிந்து தெரிந்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் மூடிவிடுவார்கள், கங்கம்மாளின் வேலையும் அதோடு போய்விடும். அவர் செய்த நான்கு முனைகள் பெட்டியில் தயாராக இருந்தன.

ஆயுத பூஜையன்று ஆனந்தன் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். முனைகளுக்கும் சாமியின் அருள் கிடைக்கட்டும் என்று பெட்டியைத் திறந்து கற்பூரத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான். விஜயதசமியன்று எடுத்துப் பார்த்தால் நான்கிலும் கற்பூரக் கரி, ஒன்றுகூட ஒளிரவில்லை. குழு வருவது மறுநாள். மிச்சமிருந்தது ஒரு விரற்கடை நீளத் தங்கக் கம்பி. ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் தாண்டவராயன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனந்தனுக்குக் கங்கம்மாளின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"எல்லாரும் சாமிக்குத்தான் கற்பூரம் காட்டுவாங்க. நீ இன்னாடான்னா கம்பி மூஞ்சில காட்டிட்டியே!" என்று சிரித்தார் அவர். "கண்ணத் தொடச்சிக்கோ, சார். குவளைல வுழுந்து வெக்கப் போவுது."

"ஒரே கம்பிக்கா..."

"ஒரே கம்பிதான். பேசாத இரு."

ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுக் குந்தினார். கொப்புளங்கள் பொங்கின, பிறகு மெல்லத் தளர்ந்தன. ஆனந்தனுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. சுவிட்ச் 'டிக்' என்றது.

மறுநாள் குழுவின் முன் திரையில் ஒரு கலங்கிய திட்டு. தாண்டவராயன் முனையை மெல்ல இறக்கினார். திட்டு நடுவில் வெளுத்தது, பிறகு இரண்டு புள்ளிகளாகப் பிரிந்தது. குழுவில் இருந்த அம்மையார் எழுந்தே விட்டார்.

"முனை எங்கே வாங்கினீங்க?"

"வாங்கலை மேடம், செஞ்சது. இவங்க கங்கம்மாள், எங்க ஊரு," என்று ஆனந்தன் முந்திக்கொண்டான். அம்மையார் தன் நாற்காலியைக் காட்டி, "வந்து உட்காருங்க," என்றார். கங்கம்மாள் உட்கார்ந்து திரையை நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டுதான் கீது," என்றார்.

கூட்டம் முடிவதற்குள் திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது, 2009-இல், கங்கம்மாள் அதே ஆய்வகத்தில் நிரந்தர டெக்னீஷியன். உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறார். வேறு இரண்டு கல்லூரிகளுக்கும் தங்க முனைகள் செய்து கொடுக்கிறார்.