சும்மா கிடந்த டிஸ்க்

எக்ஸ்ரே அம்மாவுக்குக் கோபமே வராது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். தோள் நழுவியவர், இடுப்பு ஒடிந்தவர், பட்டனை விழுங்கிய பிள்ளை என்று ஒரு நாளைக்கு எழுபது பேரைப் படுக்க வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று பதினாறு வருஷமாக ஒரே குரலில் சொல்லி வருகிறவள். அந்தப் பொறுமை வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு சர்வர் வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிய பிறகு, மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று.

எல்லாம் போன்களால் வந்தது. வீட்டில் இருந்த மூன்று போனிலும் இடமில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர், கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் நாலு பக்கத்திலிருந்து படம் எடுப்பார். மாட்டும்போது மறந்துவிடுமாம். மாமியார் தினமும் காலையும் மாலையும் பிரஷர் மிஷினைப் படம் பிடித்து வைப்பார். டாக்டர் இதுவரை ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. "வேணாததை அழிங்களேன்" என்றால் இருவரும், சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முறைப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம்காரரிடம் புலம்பினாள். அவர், ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மேலிடத்துக்கு எழுதி வாங்கிக் கொடுத்தார்.

"இதையே சர்வரா போட்டுக்கோங்க. போன்ல இருக்கறதெல்லாம் வைஃபை வழியா இதுக்குள்ள போயிடும். யாரு வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம். ரெண்டு டிஸ்க் போடுங்க, ரெண்டுலயும் ஒரே விஷயம் பதியும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு லீவு நாள் அதிலேயே போயிற்று. முதல் நாள் அந்தப் பெட்டி அவளை மதிக்கவே இல்லை. பென் டிரைவைச் செருகினால் தெரியவில்லை என்றது. தெரிந்தபோது கீபோர்டைத் தெரியவில்லை என்றது. இரண்டாம் நாள் ஒருவழியாக உயிர் வந்தது. எங்கே வைப்பது என்று அடுத்த பஞ்சாயத்து. ரவுட்டர் மாமியார் அறையில் இருந்ததால், அங்கேயே பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தாள்.

"ஏம்மா, இது என்ன இப்படி மூச்சு வாங்குது?" என்றார் மாமியார்.

"உள்ள ஃபேன் ஓடுது அத்தை."

"எனக்கே ஃபேன் வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன். இதுக்கு என்ன கேடு?"

அன்று சாயங்காலம் எல்லோரையும் கூட்டி வைத்துச் சட்டம் போட்டாள். படங்கள் பெட்டிக்குள் ஏறியதும் போனிலிருந்து அழித்துவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் தன் போனை அப்போதே துடைத்து வைத்த மாதிரி காலி செய்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளுக்கு நிம்மதி என்பதே இல்லை. கரண்ட் போய் வந்தால் போதும், ரவுட்டர் அந்தப் பெட்டிக்குப் புது முகவரி ஒன்றைக் கொடுத்துவிடும். போன்கள் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வரும். உடனே அவளுக்கு அழைப்பு. ஒருநாள் பெரியவர் ஒருவரை நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்ன நொடியில் போன் அலறியது.

"இந்தாம்மா, பெட்டியைக் காணோம்" என்றார் கணவர்.

"ஸ்டூல் மேல இல்லையா?"

"ஸ்டூல் மேல இருக்கு. போன்ல காணோம்."

"நான் வந்து பாக்கறேங்க, வைங்க."

"கியர் பாக்ஸ் படம் ஏற மாட்டேங்குதே, நம்ம வாசல்ல பிரிச்சுப் போட்டுட்டு நிக்கறேன்..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் முகம் சிவந்து, கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தார். "ஐயோ, விடுங்க, மூச்சை விடுங்க!" என்று கத்தினாள். பதினாறு வருஷத்தில் அவள் அந்த அறையில் கத்தியது அதுதான் முதல் தடவை.

முகவரி மாறாமல் கட்டிப்போடும் இடம் ரவுட்டருக்குள்ளேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. கண்டுபிடித்த மறுநாளும் பெட்டியைக் காணோம். ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் மாமியாருக்குப் பொறுக்காது. எழுந்து போகும்போதெல்லாம் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போடும் பிளாஸ்திரி கொண்டுவந்து, சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். "சுவிட்சுக்கு என்ன அடி?" என்று கேட்டார் கணவர்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. மாடியில் குடியிருந்த கொழுந்தன் கண்ணில் படும்வரை.

கொழுந்தன் கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தவன். வீட்டில் ஒரு ஸ்க்ரூ விடாமல் ஒருதடவையாவது கழற்றிப் பார்த்திருப்பான். ஒரு சனிக்கிழமை அவள் டியூட்டி முடிந்து மத்தியானம் வந்தபோது, பெட்டியில் எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். இரண்டு டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் ஒரு காலி இடம், அதில் தொங்கிக்கொண்டு ஒரு ஒயர்.

நேரே மாடிக்கு ஏறினாள். கொழுந்தன் டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். டிவிக்குப் பின்னால் அவளுடைய டிஸ்க்.

"வாங்க அண்ணி. மேட்ச் ரெக்கார்ட் பண்ண டிஸ்க் இல்லாம இருந்துச்சு. அதான்."

"அதுல என்ன இருந்துச்சு தெரியுமா?"

"தெரியும் அண்ணி, பாத்துட்டுதான் எடுத்தேன். ரெண்டுலயும் ஒண்ணுதானே இருக்கு? ஒண்ணு சும்மாதானே கெடக்கு?"

"அழிச்சிட்டியா?"

எப்போதும் 'தம்பி, நீங்க' என்று பேசுகிறவள் 'நீ'க்கு இறங்கியதும்தான் அவன் காலை மடக்கினான்.

"டிவிதான் கேட்டுச்சு... அழிக்கவான்னு. சரின்னேன்."

அவள் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே அவனும் வந்தான். கீழே கணவரிடம் முறையிட்டபோது, அவர் முதலில் தம்பிக்குப் பரிந்துதான் பேசினார். "ஒண்ணும் தொலையலையே, விடேன்." பிறகு ஏதோ உறைத்ததுபோல நிமிர்ந்தார். "இரு. அப்போ அது ஸ்டெப்னியா? டேய், ஓடற வண்டில ஸ்டெப்னியைக் கழட்டிட்டுப் போனியா? அறிவிருக்கா உனக்கு?" நாலு மாதமாக அவள் வாய் வலிக்கச் சொன்னது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, மற்றதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படியெடுக்கச் சொன்னாள். ஏழு மணி நேரம் ஆகும் என்றது பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தாள். மாமியாரே காவலுக்கு உட்கார்ந்தார். அந்த அறைக்குள் எட்டிப்பார்த்தவர்களையெல்லாம், "போ, போ, அது வேலை பாக்குது" என்று விரட்டினார்.

அறுபத்துமூன்று சதவீதத்தில் பெட்டி முனக ஆரம்பித்தது. நல்லது என்று நம்பி விட்டு வைத்திருந்த டிஸ்க்கிலேயே அங்கங்கே புண். படிக்க முடியாத இடங்களைத் தாண்டித் தாண்டிப் போய், பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவழியாக முடிந்தது. எந்தெந்தப் படங்கள் கெட்டன என்று ஒரு பட்டியல் வந்தது. முந்நூற்றுச் சொச்சம்.

மாமியார் தன் போனை எடுத்துப் பார்த்தார். பிரஷர் மிஷின் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. கணவருடைய கியர் பாக்ஸ்களும் அப்படியே.

"நீங்க அழிக்கவே இல்லையா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்மா" என்றார் மாமியார். கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் போட்டவள் மட்டும்தான் சட்டப்படி நடந்திருந்தாள். போனவை அவளுடையவை. ஆஸ்பத்திரித் தோழிகள் நாலு பேரோடு கடற்கரைக்குப் போன இரண்டு நாள் படங்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறக் கட்டங்களாகக் கிடந்தன. வீட்டுப் படங்களில் அவள் இருக்க மாட்டாள், எடுக்கிறவள் அவள்தானே. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற படங்கள் அந்த இரண்டு நாளில்தான் இருந்தன.

திங்கட்கிழமை சிஸ்டம்காரரைப் பிடித்தாள். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னீங்களே சார்?"

"ஆமாம்மா. ரெண்டும் ஒரே நேரத்துல போகாதுன்னு நான் சொல்லலையே. இது ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். தனியா மூணாவதா ஒரு காப்பி எடுத்து, வேற எடத்துல வெச்சிருக்கணும்."

"அதை எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோழிகள் தங்கள் போன்களைத் துழாவி, வாட்ஸ்அப்பில் வந்த சில படங்களை அனுப்பினார்கள். சின்னதாக, மங்கலாக இருந்தன. இருந்தவரை சரி என்று சேர்த்து வைத்தாள். புண்பட்ட டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டினாள். மூன்றாவதாக ஒன்று வாங்கி, அதில் எல்லாவற்றையும் படியெடுத்து, ஆஸ்பத்திரி லாக்கரில் சீருடைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அது வீட்டுக்கு வந்து போகும். சாவியைக் கழுத்துச் சங்கிலியிலேயே கோத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அண்ணி, என் போன்லயும் இடமில்ல. எனக்கும் பெட்டில ஒரு கணக்கு திறந்து குடுங்களேன்."

அவள் மறுப்பேதும் சொல்லவில்லை. உட்கார்ந்து, அவன் பெயருக்கு ஒரு கணக்கு திறந்து, பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். பத்து நிமிஷத்தில் படிக்கட்டிலிருந்தே குரல் வந்தது.

"அண்ணி, எல்லாம் தெரியுது, ஆனா என்னோடது எதுவும் உள்ள போக மாட்டேங்குதே?"

"போகாது தம்பி" என்றாள், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே. "உங்களுக்குப் பாக்க மட்டும்தான் குடுத்திருக்கேன்."