ஏழுமலை என்று கூப்பிட்டால்

திங்கட்கிழமை விக்கிரவாண்டி ஸ்டேஷனில் ஒரு பெண்மணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு என் பேரில்தான்.

விழுப்புரத்தில் குடித்தனம், திண்டிவனத்தில் குமாஸ்தா வேலை. தினமும் பாசஞ்சர் வண்டி. யுத்தம் வந்ததிலிருந்து உட்கார இடம் கிடைப்பதில்லை. ஆனால் விக்கிரவாண்டி வந்தால் அஞ்சலையின் கூடை வந்துவிடும். வேகவைத்த மல்லாட்டை — வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்.

அவள் இடுப்பில் மகன் ஏழுமலை. போன வருஷம் ஒன்றரை வயசு. "மாமா, மல்லாட்ட!" என்று ஜன்னலுக்கு ஜன்னல் வியாபாரம் பண்ணியதே அவன்தான். வண்டி கிளம்பினால் கையாட்டுவான். பேரைச் சொன்னால் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

பிறகு... ஒவ்வொன்றாகக் குறைந்தது. முதலில் 'மல்லாட்ட' போயிற்று. அப்புறம் 'மாமா'. கையாட்டுவதும் நின்றது. இப்போது கடலை ஓட்டை விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்கிறான். எஞ்சின் ஊதினால் காதைப் பொத்திக்கொள்கிறான். கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை.

டாக்டர் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கையை விரித்தார். அஞ்சலையின் மாமனார் வீட்டிலோ பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, 'தவிட்டான்' என்று பேரை மாற்றிவிட்டார்கள். பீடை பழைய பேரோடு போய்விடுமாம்!

படித்த மனுஷன் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"பெரியவங்க சொன்னபடி புதுப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுப் பாரேன், அஞ்சலை" என்றேன்.

கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"என்னா சார், நீங்களுமா? பேசிக்கினு இருந்த புள்ள எங்கியோ போய்க்கினு இருக்கான். திரும்பி வர்றதுன்னா அவனுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான். அதையும் மாத்திட்டா எதைப் புடிச்சிக்கினு வருவான்?"



"வராட்டி?" என்றார் பக்கத்தில் நின்றவர். ஈவிரக்கமில்லாத கேள்வி... என் மனசிலும் அதுதான் இருந்தது.

"வராட்டி இப்பிடியே இருக்கட்டுங்க. இப்பிடி இருந்தாலும் அவன் ஏழுமலதான்."

புகுந்த வீட்டில் இதற்காகத் தினமும் சண்டையாம். அவள் அசைவதாக இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் மகனை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அதட்டல் கிடையாது. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பாள் — பதில் சொல்ல அவனுக்கு நேரம் கொடுக்கிறாள். பதில் வராது. முகம் சுளிக்காமல் அடுத்த ஜன்னலுக்குப் போவாள். ஆபீஸில் ஒரு ஃபைலை இரண்டு தடவை தேடிக் கிடைக்காவிட்டால் எரிந்து விழுகிற ஆள் நான். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கூட்டத்தில் வெட்கமாயிருந்தது, கும்பிடவில்லை.

மறுநாள் வண்டி நின்றதும் தலையை வெளியே நீட்டி, "ஏழுமலை!" என்று நானே கூப்பிட்டேன். காத்திருந்தேன். திரும்பவில்லை.

பரவாயில்லை... என்னிடம் சீஸன் டிக்கெட் இருக்கிறது!