ஏழும் கெழக்கால திரும்புன மத்தியானம்

எனக்கு இந்தப் பேயி, ஆவி கதையெல்லாம் ஆவாது கண்ணு. நெம்மேலி பக்கத்துக் குப்பத்துல பொறந்து, விடியறதுக்கு முன்னால கூடையத் தூக்கினு தனியா நடந்து மீனு வித்தவ நானு. சுடுகாடுதான் எனக்குக் குறுக்கு வழி. ஒரு நாளும் எதுவும் வந்து இன்னான்னு கேட்டதில்ல. அதனால, கெழவி உளர்றான்னு நீ நெனச்சாலும் நெனச்சிக்கோ, நான் பாத்தத பாத்தேன்.

எங்கூட்டுக்காரரு கடலுக்குப் போனவரு திரும்பல. படகு கெடச்சிது, அவரு கெடைக்கல. எங்காளுங்க வலையத் தூக்கினு கெளம்பும்போது எப்ப வருவேன்னு கேக்கக்கூடாது, அது வழக்கம். அன்னிக்கும் நான் கேக்கல. அதுக்கப்புறம் செங்கல்பட்டுல பையன் வூட்டோட வந்துட்டேன், கடலப் பாக்கவே போறதில்ல. அத வுடு.

எம் பேத்தி திவ்யா காலேஜ் படிக்குது. அது ஹாலுல ஒரு கண்ணாடித் தொட்டி வெச்சிது பாரு, சிரிப்பா வரும். அடியில மணலு, ரெண்டு செடி, கொப்புளம் வுடற மோட்டாரு, எல்லாம் வெச்சிட்டு ஒரு மாசம் மீனே இல்லாம வெறும் தண்ணிய ஓட வுட்டுகினு இருந்துது.

“இன்னாடி, மீனு லீவுல போயிருக்கா?”ன்னு கேட்டேன்.

“தண்ணி பழகணும் ஆயா, அப்பதான் மீனு பொழைக்கும்.”

அப்புறமா ஏழு மீனு வாங்கியாந்துது, மோலியாம், வெரலு நீளம்கூட இல்ல. கொழம்புக்கு ஆவாதேன்னு சொன்னேன், ரெண்டு நாளு எங்கூட பேசல. ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சி, காலேஜ் வுட்டு வந்தா மொதல்ல அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கும்.

காலேஜ்ல நாலு நாளு கேம்புன்னு கெளம்புச்சி. அது அம்மா படிக்கறதுக்குன்னு ஒரு காயிதத்த எழுதி தொட்டி மேல ஒட்டுச்சி. எங்கிட்ட, “ஆயா, காலையில ஒரு சிட்டிகை தீனி, அவ்ளோதான். என் புள்ளைங்க பத்திரம்”னு சொல்லிட்டுப் போச்சு. எனக்குத்தான் படிப்பு வராதே, காயிதத்துல மீனுங்க பேரு எழுதிக்கீதுன்னு நெனச்சேன்.

மூணாம் நாளு பையனும் மருமவளும் வேலைக்குப் போயிட்டாங்க. கண்ணாடியில பச்சையா பாசி தெரிஞ்சிது. மீனு கூடையத் தேச்சித் தேச்சி வளந்த கை இது, சும்மா இருக்குமா? மீனுங்கள பக்கெட்டுல வுட்டுட்டு, தண்ணிய மொத்தமா எறைச்சி, மணலு, ஃபில்டரு பஞ்சு எல்லாத்தையும் பளபளன்னு அலசி, கொழாத் தண்ணிய நேரா புடிச்சி ஊத்தினேன். பிளீச்சிங் வாசன குப்புன்னு அடிச்சிது. சுத்தமான தண்ணின்னு எனக்கு சந்தோஷம் வேற.

அன்னிக்குன்னு பாத்து பராமரிப்பு வேலைன்னு கரண்ட்ட நிறுத்திட்டாங்க, சாயங்காலம்தான் வரும். மோட்டாரு நின்னுது. கொஞ்ச நேரத்துல ஏழும் மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடுதுங்க. வலையில விழுந்த மீனு அப்பிடிப் பண்ணி ஆயிரம் தடவ பாத்திருக்கேன், ஒண்ணும் தோணாது. இப்ப பாக்க முடியல. புள்ளைக்கு என்னா பதில் சொல்லுவேன்? போனு போட்டேன், கெடைக்கல. ஒண்ணு சாய ஆரம்பிச்சிது.

எனக்கு வந்த ஆத்திரத்துல, அவரு போனதுலருந்து அவருகிட்ட ஒரு வார்த்த பேசாதவ, செவுத்துல மாட்டியிருக்கற அவரு படத்தப் பாத்து கத்திட்டேன்: “யோவ், நாப்பது வருசம் மீன புடிச்சி புடிச்சி கொன்னியே, இந்த ஏழு மீனையாவது காப்பாத்துய்யா!”

கத்திட்டுத் திரும்பறேன், செடி ரெண்டும் சாயுது. காத்து இல்ல, மோட்டாரு இல்ல, தண்ணிக்குள்ள செடி மேக்கால சாஞ்சி நிக்குது. மேல வாயப் பொளந்துகினு இருந்த ஏழும் கீழ எறங்கி, வரிசையா கெழக்கப் பாத்து நின்னு வாலு மட்டும் ஆட்டுதுங்க. அவரு எப்பவும் சொல்லுவாரு, மீனு மூஞ்சி எந்தப் பக்கம் நிக்குதோ அங்கிருந்து தண்ணி ஓடி வருதுன்னு. கெழக்கால எங்கூட்ல இன்னா கீது? பீரோதான். அதுக்கும் அப்பால போனா கடலு. கரண்ட் வர்ற வரைக்கும் அதுங்க அசையல, நானும் ஒக்காந்த எடத்துலருந்து எழுந்திரிக்கல. ஃபேன் சுத்துனதும் கலைஞ்சி பழையபடி வெளையாடுதுங்க.

மறுநாள் திவ்யா வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். தலையில கைய வெச்சிகினு, “எல்லாத்தையும் கழுவாதன்னுதானே ஆயா எழுதினேன்! கால்வாசி தண்ணிதான் மாத்தணும், அதுவும் ஒரு நாளு புடிச்சி வெச்ச தண்ணி. இதுங்க பொழச்சதே அதிசயம்”னுது. அப்புறம் குனிஞ்சி பாத்துட்டு, “மணல்ல எதுக்குக் கோடு கோடா வரைஞ்ச?”ன்னு கேட்டுது.

நானு வரையல கண்ணு. அல போன பின்னால கரை மணல்ல வரி வரியா இருக்குமே, அதே வரி. நான் அலசிப் போட்ட மணலு அது.

கரண்ட் இல்லாததால மீனு மயங்கி நின்னிருக்கும்னு பையன் சொல்றான். இருக்கலாம். அப்ப மணலு?

நேத்து மத்தியானம் கரண்ட்டும் இருந்துது, மோட்டாரும் ஓடுச்சி. சோறு போட்டுகினு திரும்பறேன், ஏழும் கெழக்கப் பாத்து நிக்குதுங்க. தட்ட வெச்சிட்டுப் பக்கத்துல போயி நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சி ஒண்ணொண்ணா கலைஞ்சிதுங்க, செடியும் நிமுந்துது. வாய் வரைக்கும் வந்துச்சி, எப்ப வருவேன்னு.

கேக்கல.